தளவாடம் எண் நாற்பத்தேழு

அரசாங்கம் ஒருவருக்குக் கால் கொடுப்பது என்று தீர்மானித்துவிட்டால் அதை யாராலும் தடுக்க முடியாது. இதை நான் நேரில் பார்த்துச் சொல்கிறேன். மலாயா சுதந்திரம் அடைந்த மறு வருஷம் மலாக்காவில் அங்கஹீனர் சகாய இலாகா திறக்கப்பட்டபோது, அதன் வாசலில் அங்சானா மரத்தடியில் ஒரு மேசையும் ஒரு டைப்ரைட்டரும் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். பெயர் சேதுராமன், தொழில் மனு எழுதுவது. தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றிலும் எனக்குக் கெஞ்சத் தெரியும்.

இலாகாவின் நோக்கம் மிக உயர்ந்தது. கை இழந்தவருக்குக் கை, கால் இழந்தவருக்குக் கால், எதையும் இழக்காதவருக்கு அங்கே உத்தியோகம். திறப்பு விழாவில் பேசிய பிரமுகர்கள் எல்லோரும் இதைக் கேட்டு மனம் நெகிழ்ந்தார்கள். விழாவுக்குப் பந்தல் போட்ட இடத்தில் படிக்கட்டு மறைந்துபோனதால், கால் இல்லாதவர்கள் மட்டும் சாலையிலேயே நின்று நெகிழ்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் தம்பிராஜா. ஊருக்குள் காஜா பெராங் பகுதியில் அப்துல் அஜீஸ் பாயின் ஜவுளிக்கடை முகப்பில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்து முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி. ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா ரயில் பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள்; தண்டவாளத்தோடு, அங்கே பாதை போட ஆட்களையும் கொண்டுபோனார்கள். தம்பிராஜாவும் போனார். மூங்கில் கீறிய புண் பழுத்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டு அனுப்பினார்கள். தண்டவாளமும் திரும்பவில்லை.

பதினைந்து வருஷமாகக் கக்கத்தில் ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டுதான் சவரம் செய்தார். சவரத்துக்கு ஒரு கை கத்தி பிடிக்க வேண்டும், ஒரு கை கன்னத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். தம்பிராஜாவின் ஒரு கை ஊன்றுகோலுக்குப் போய்விட்டதால், அவரிடம் வருகிறவர்கள் தங்கள் கன்னத்தைத் தாங்களே இழுத்துப் பிடித்துக்கொள்வது வழக்கம். நானும் அப்படித்தான் பிடித்துக்கொள்வேன். புதிதாக வருகிறவர்கள் பயந்து பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள். வியாபாரம் தேய்ந்துகொண்டே வந்தது. அப்துல் அஜீஸ் பாய் ஒருநாள் சொல்லிவிட்டார்: "இந்தப் பெருநாள் போவட்டும். அடுத்த பெருநாளுக்குள்ள நீ ஒழுங்கா நின்னு தொழில் பாக்கலன்னா, எடத்த நான் சாரம் கைலி அடுக்க எடுத்துக்குவேன். கோவிச்சுக்காத."

அதனால்தான் தம்பிராஜா என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, நடக்கிறதுக்குக் காலு கேக்கல. நடக்கிறது எப்படியோ பழகிப்போச்சு. எனக்குக் கைக்குத்தான் காலு வேணும். ரெண்டு கையும் விடுபட்டா கடை நெலைக்கும்."

நான் என் வாழ்நாளில் எழுதிய மனுக்களில் அது தலைசிறந்தது. 'நிற்க ஒரு காலின்றி நித்தமும் தத்தளிக்கும் இந்த ஏழைக்கு, தங்கள் கருணையே ஊன்றுகோல்' என்று ஒரு வரி வைத்தேன். அந்த வரியை எழுதிவிட்டு நானே கொஞ்ச நேரம் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனுவை வாங்கியவர் பெரிய கிராணி ராஜரத்தினம், ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர், மூன்று அரசாங்கங்களுக்குக் கீழே குமாஸ்தா வேலை பார்த்தவர், மூன்றிலும் ஒரு தாளைக்கூடத் தொலைக்காதவர். தம்பிராஜாவை எதிரில் நிற்கவைத்துப் படிவத்தை நிரப்பினார்.

"பன்னிரண்டாம் கட்டம். இழந்த உறுப்பு தற்போது இருக்கும் இடம்?"

"அது சயாம்லங்க. ஆத்தோரமா பொதைச்சுட்டாங்க."

பெரிய கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப உமக்கு வெளிநாட்டில உடைமை இருக்கு."

"காலுங்க அது."

"கால்தான். ஆருடைய கால்?"

"என்னோடதுங்க."

"அதைத்தானே நானும் சொல்லுறன். வெளிநாட்டில உடைமை உள்ளவைக்கு வேற படிவம். நீலக் கலர். அது கோலாலம்பூரில இருந்து வரவேணும்."

நீலப் படிவம் வர இரண்டு மாதம் ஆனது. அதில் அந்த உடைமையிலிருந்து வருமானம் ஏதும் வருகிறதா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினேன். வருங்காலத்தில் அதை மலாயாவுக்குக் கொண்டுவரும் உத்தேசம் உண்டா என்று கேட்டிருந்தது. அதற்கும் இல்லை என்று எழுதினேன். தம்பிராஜா கையெழுத்துப் போட்டார். இப்படியாக அவர் தம் பழைய காலின் மேல் இருந்த உரிமையை முறைப்படி விட்டுக்கொடுத்த பிறகு, ஏழாவது மாதம் புதிய கால் மரப்பெட்டியில் வந்து இறங்கியது.

நல்ல கால், பொய் சொல்லக் கூடாது. நல்ல மரத்தில் கடைந்து, தோல் வார் வைத்து, பாதத்தில் விரல்கூட வரைந்திருந்தார்கள். ஆபீஸே கூடி நின்று பார்த்தது. ஆனால் அரசாங்கத்துக்கு வரும் எந்தப் பொருளும் ஒரு பேரேட்டில் ஏறாமல் அடுத்த கைக்குப் போக முடியாது. அந்த ஆபீஸில் மூன்று பேரேடுகள்தான் இருந்தன: எழுதுபொருள், மருந்து, தளவாடம். கால் எழுதுகிற பொருள் அல்ல. மருந்துப் பேரேட்டில் ஏற்றினால் உட்கொள்ளும் அளவு குறிப்பிட வேண்டும். பெரிய கிராணி பெட்டியைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார், எழுந்து அதிகாரியின் அறைக்குப் போனார்.

அதிகாரி ஷரீஃபுதீன் நம் ஊர்க்காரர்தான். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பரம்பரையாகக் கடை வைத்திருந்த குடும்பம். வெள்ளைக்காரர் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. யோசிப்பது தெரிந்தால் தகுதி இல்லை என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், எதையும் யோசிக்காமல் முடிவு செய்வதைப் பழக்கமாக வைத்திருந்தார்.

"எதுல செஞ்சிருக்கு?"

"மரத்தில துவான்" என்றார் பெரிய கிராணி மரியாதையாக.

"மரம்னா தளவாடம்தானே. மேசை நாற்காலியெல்லாம் எப்படி? நம்பர் அடிங்க."

கெண்டைக்காலில் வெள்ளைப் பெயிண்டில் 47 என்று எழுதினார்கள். பேரேட்டில் நாற்பத்தாறாவது இனம் நீளப் பெஞ்சு.

தம்பிராஜா வாரைக் கட்டிக்கொண்டு எழுந்த அந்தக் காலை நேரத்தை நான் மறக்கவில்லை. ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கால் கிடைத்தவர் காலைப் பார்க்கவே இல்லை. அவர் மனைவி ருக்மணி ஒரு பிஸ்கோத்து டின்னைத் திறந்தாள். உள்ளே எல்லாம் வலது கால் செருப்பு. பதினைந்து வருஷமாகச் செருப்பு வாங்கும்போதெல்லாம் கடைக்காரன் ஜோடியாகத்தான் கொடுத்தான். இடது தேய்ந்து போயிற்று, வலதைத் தூக்கிப்போட மனம் வராமல் எடுத்துவைத்திருக்கிறாள். அதில் ஒன்றை எடுத்து மரப்பாதத்தில் மாட்டிவிட்டாள். இதற்கு நம் மனுவும் ஒரு காரணம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று முழுவதும் தம்பிராஜா ஆபீஸ் வராந்தாவில் நடந்து பழகினார். மாலை நாலேகாலுக்கு மணி அடித்தது.

"காலைக் கழற்றும்" என்றார் பெரிய கிராணி.

"எதுக்குங்க?"

"அலமாரியில வைச்சுப் பூட்டவேணும். ஆபீஸ் தளவாடம் ஆபீஸ் நேரத்துக்குப் பிறகு ஆபீஸ் எல்லையைத் தாண்ட ஏலாது. ஆரும் ஆபீஸ் மேசையைத் தூக்கிக்கொண்டு வீட்டை போறவையே?"

"அப்ப நான் எப்படிங்க வீட்டுக்குப் போறது?"

"வந்த மாதிரித்தான்."

ருக்மணி குறுக்கே வந்தாள். "ஐயா, அவருக்குன்னுதானே குடுத்தீங்க?"

"அவருக்குத்தான் அம்மா. வேற ஆரும் அதைத் தொட விடமாட்டன். காலமை எட்டு மணிக்கு வந்து எடுக்கட்டும், நாலேகாலுக்குத் திருப்பித் தரட்டும். ஒருநாளும் இல்லை எண்டு சொல்லமாட்டன். வெளியில கொண்டுபோக அனுமதி வேணுமெண்டால் எழுதித் தாரும். மேல அனுப்புவன்."

காலை உள்ளே வைக்கும்போது செருப்பை மட்டும் கழற்றி ருக்மணியிடம் திருப்பிக் கொடுத்தார். தனியார் உடைமை அரசாங்க அலமாரியில் இருக்கக் கூடாதாம். அந்த விஷயத்தில் அவர் மிகவும் நேர்மையானவர்.

அனுமதி மனுவும் நான்தான் எழுதினேன். அது மேலே போயிற்று. அது கீழே வரும்வரை, தம்பிராஜா தினமும் காலையில் காஜா பெராங்கிலிருந்து ஒற்றைக் காலில் ஆபீஸுக்கு வந்து, நாள் முழுவதும் இரண்டு காலில் வராந்தாவில் நின்றுவிட்டு, மாலையில் ஒற்றைக் காலில் திரும்பிப் போனார். காலைப் பயன்படுத்தாமல் விட்டால் 'உபயோகமற்ற தளவாடம்' என்று ஏலம் போட்டுவிடுவார்கள் என்று பெரிய கிராணி எச்சரித்திருந்தார்.

சும்மா நிற்கிற முடிதிருத்துபவரை எத்தனை நாள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியும்? சுதந்திரம் வந்ததிலிருந்து ஊரில் 'மந்திரி கிராப்' என்று ஒரு மோஸ்தர் கிளம்பியிருந்தது. பத்திரிகைப் படங்களில் புது மந்திரிகள் வாரியிருப்பதுபோல, ஒரு பக்கம் வகிடு, மறு பக்கம் ஓர் அலை. நாட்டை ஆள்கிறவர்களின் தலையைத்தான் நம்மால் காப்பியடிக்க முடியும், உள்ளே இருப்பதை என்ன செய்வது. ஒரு மத்தியானம் பெரிய கிராணி தம் பின்கழுத்தைத் தடவிக்கொண்டே வராந்தாவுக்கு வந்தார்.

"தம்பிராஜா, கத்திரி கொண்டந்திருக்கிறீரோ?"

அலமாரிச் சாவி அவரிடம், அனுமதிக் கோப்பும் அவரிடம். தம்பிராஜா கத்திரியை எடுத்தார். மறுநாள் அதிகாரி ஷரீஃபுதீன். அடுத்த வாரம் ஆபீஸே மந்திரிசபை மாதிரி இருந்தது.

இரண்டு கையும் விடுபட்ட தம்பிராஜா எப்பேர்ப்பட்ட கலைஞர் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. மனு கொடுக்க வந்தவர்கள் வெட்டிக்கொண்டார்கள். பிறகு வெட்டிக்கொள்ளவே வந்தார்கள். மேலே மின்விசிறி சுற்றியது, உட்கார நாற்பத்தாறாம் எண் பெஞ்சு இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக இலவசம். அரசாங்கக் கட்டடத்தில் வியாபாரம் செய்யக் கூடாது என்பதால் தம்பிராஜா யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்று ஷரீஃபுதீன் உத்தரவு போட்டிருந்தார். பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து வாலிபர்கள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். 'ஆபீஸ் கிராப்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. கடையில் வெட்டிக்கொண்டவனைக் கல்யாண வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். 'வந்த காரியம்' என்ற கட்டத்தில் 'சகாயம்' என்று எழுதச் சொன்னார் பெரிய கிராணி. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால், நாட்டிலேயே அதிகம் பேருக்குச் சகாயம் செய்த கிளை எங்கள் கிளைதான். கோலாலம்பூரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். அந்த மரச்சட்டத்துக்குத் தளவாட நம்பர் 53.

ருக்மணி மட்டும் ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றாள். தலையில் வடைத் தட்டு.

"அண்ணே, காலு வந்த நாள்ல இருந்து அவரு வீட்டுக்கு ஒரு காசு கொண்டாரல. கடை பூட்டியே கெடக்கு. பெருநாளைக்கு இன்னும் மூணு மாசந்தான் இருக்கு. காலு இல்லாதப்போ நல்லா இருந்தோம்ணே."

"வந்திடும்மா, அனுமதி வந்திடும். என் எழுத்து வீண்போவாது" என்றேன். அன்று காலைதான் நான் ஆபீஸ் கிராப் வெட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு முன்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன்.

என் எழுத்து வீண்போகவில்லை. பெருநாளுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது மேலிடத்திலிருந்து பதில் வந்தது. 'தளவாடம் எண் 47-ஐ மேற்படி நபர் நிரந்தரமாக வெளியே கொண்டுசெல்லலாம். பொதுமக்களுக்கு ஆட்சேபணை இருப்பின் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.' நிலம் விற்கும்போது ஒட்டும் அறிவிப்பை அப்படியே காலுக்கும் ஒட்டியிருந்தார்கள். தம்பிராஜா அன்று வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். பதினைந்தாம் நாள் காலோடு வீட்டுக்கு நடந்து போகப்போவதாகவும், மறுநாளே கடையைத் திறக்கப்போவதாகவும் சொன்னார். எல்லோரும் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்துல் அஜீஸ் பாய் கடையில் கூட்டம். கடை முகப்பில் தம்பிராஜாவின் நாற்காலிமேல் ஏற்கனவே நாலு கட்டுச் சாரம் ஏறி உட்கார்ந்திருந்தது.

"காலு போயிட்டா ஆபீஸ் கிராப் எங்க வெட்டுறது?" என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"அவரு கடையிலதான்."

"கடையில காத்தாடி இருக்கா?"

"இல்ல."

"சும்மா வெட்டுவாரா?"

"கடையில எப்படிப்பா சும்மா வெட்டுவாரு? அவருக்கும் குடும்பம் இருக்குல்ல."

பிறகு அப்துல் அஜீஸ் பாய் தொண்டையைச் செருமினார்.

"அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன். தெனமும் போய்ட்டு வர்றது ஒடம்புக்கும் நல்லது. இங்க வந்து ஒக்காந்தா தனியாளு. அங்கன்னா நாலு பேரோட, கவர்மெண்டு ஆளுங்களோட எவ்வளவு மரியாதையா இருக்கான். அத நம்ம கெடுக்கலாமா?"

கெடுக்கக் கூடாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதுவது என் தொழில். எழுதினேன்.

முன்னூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து விழுந்தது. முதல் கையெழுத்து அப்துல் அஜீஸ் பாய். தமிழ் மறந்து மலாய் பேசும் கம்போங் செட்டிக்காரர்களுக்காக மலாயில் ஒரு பிரதி போட்டேன். அவர்களும் தலை வாரிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார்கள். பெரிய கிராணியும் ஆபீஸ் நேரம் முடியும்வரை காத்திருந்து, நாலு இருபதுக்குப் பொதுமகனாகத் தெருவுக்கு இறங்கி வந்து போட்டார். இரண்டாவது கையெழுத்து யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆட்சேபணை மனு மூன்றே நாளில் ஏற்கப்பட்டது; கால் ஆபீஸிலேயே தங்கியது. அந்த ஆபீஸின் சரித்திரத்தில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை.

ஒரு வாரம் நான் வராந்தாப் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு தாடி அரித்தது. போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தம்பிராஜா எப்போதும்போலச் சோப்பு போட்டார். பழக்க தோஷத்தில் நான் என் கன்னத்தை இழுத்துப் பிடித்தேன்.

"கைய எடுங்கண்ணே. எனக்கு இப்போ ரெண்டு கையும் இருக்கு."

எடுத்தேன். கத்தி காதிலிருந்து இறங்கித் தொண்டைக்கு வந்தபோது நின்றது.

"மனுவ எனக்குப் படிச்சுக் காட்டினாங்கண்ணே. 'நிற்க ஓர் இடமின்றி நித்தமும் தத்தளிக்கும் பொதுமக்களுக்கு, மேற்படி காலே ஊன்றுகோல்'னு ஒரு வரி இருந்துச்சு. அதே மாதிரி என் மனுவுலயும் ஒண்ணு இருந்துச்சுல்ல?"

கத்தி தொண்டையில் இருக்கும்போது தலையாட்டக்கூட முடியாது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அவர் கத்தியைத் துடைத்துவிட்டு மறு கன்னத்துக்குப் போனார். ஒரு கீறல் விழவில்லை.

"இன்னொரு மனு எழுதணும்ணே" என்றார்.

"சொல்லு தம்பிராஜா, எதுவானாலும் எழுதுறேன்."

"காலு இனிமே கேக்கல. என்னையும் அந்தப் புத்தகத்துல ஏத்திடச் சொல்லி எழுதுங்க. நாப்பத்தேழுக்குப் பக்கத்துல எங்கயாச்சும். பெஞ்சுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒருவாட்டி பாலிஷ் போடுறாங்க. மழை பேஞ்சா உள்ள இழுத்துப் போடுறாங்க. காணாமப் போயிட்டா எங்கன்னு கேக்குறாங்க."

அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதிக் கொடுத்தேன். பதில் மறுநாளே வந்தது. 'மனுதாரர் இலாகா நிதியில் வாங்கப்பட்டவர் அல்லர். ஆகவே தளவாடமாக ஏற்க வழியில்லை. அவர் வழக்கம்போல் நாலேகாலுக்கு வெளியேற வேண்டும்.'

அன்று நாலேகாலுக்கு மணி அடித்தது. பெரிய கிராணி காலை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். தம்பிராஜா வலது செருப்பைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, ஊன்றுகோலோடு ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே கடைசியாக வெட்டிக்கொண்ட நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டோம். யாரும் கை கொடுக்கவில்லை. எங்கள் இரண்டு கையும் தலையில் இருந்தது, வகிடு நேராக வந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.